இறுகிப்போன பின்சக்கர டிரம்: புல்லருக்கு முன்னால் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்

கேள்வி: 9 ஜூன் 2024

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 கார் வைத்திருக்கிறேன். பள்ளிக்கரணையில் வீடு. போன டிசம்பர் புயல் மழையில் வண்டி பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டபடியே விட்டுவிட்டோம். இப்போது பின்சக்கர பிரேக் டிரம் இரண்டும் கழலவில்லை. மூன்று கால் புல்லர் (கொக்கிக் கால்களால் பிடித்து இழுக்கும் கருவி) போட்டு இழுத்தால் எந்த டிரம்மும் வந்துவிடும், வராவிட்டால் கேஸ் நெருப்பைக் காட்டலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

9 ஜூன் 2024, இரவு

செய்யாதீர்கள். புல்லரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள்.

டிரம் ஜாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அது பிடித்துக்கொள்ளும் இடம் இரண்டு. உள்ளே பிரேக் ஷூ, அதாவது விரிந்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த இரும்பு, பிடித்திருக்கலாம். அல்லது நடுவில், ஹப்பின் (சக்கரம் மாட்டும் நடுப் பாகம்) கழுத்தில் டிரம் உட்காரும் இடத்தில், துரு பிடித்திருக்கலாம். ஷூ பிடித்திருந்தால் சக்கரம் சுழலாது. கழுத்தில் துரு என்றால் சக்கரம் நன்றாகவே சுழலும், டிரம் மட்டும் வெளியே வராது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் டிரம்மைத்தான் கெடுக்கும்.

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், ஹேண்ட் பிரேக்கை விட்டபின் வண்டியைப் பிடித்துவைக்க வேறு எதுவும் இல்லை. ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஹெரால்டில் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், ஒவ்வொரு பக்கமும் தனியாக மேலும் கீழும் ஆடும் அச்சு. தூக்கியதும் சக்கரங்களின் அடிப்பக்கம் உள்ளே மடங்கித் தொங்கும். முதல் முறை பார்ப்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். அந்த அமைப்பே அப்படித்தான்.

10 ஜூன்

புல்லர் ஏன் கூடாது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். விரிவாகவே சொல்கிறேன்.

ஹெரால்டில் ஆக்சில் முனை கூம்பு வடிவம். அந்தக் கூம்பில் ஹப் ஒரு சாவியோடு உட்கார்ந்து, பெரிய நட்டால் இறுகியிருக்கும். டிரம்முக்கும் அந்தக் கூம்புக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. டிரம் ஹப்பின் மேல் தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும். அதைப் பிடித்திருப்பவை தலை மட்டமாகப் பதிந்த இரண்டு ஸ்க்ரூ. அதற்குமேல் சக்கரத்தின் நான்கு நட்டும் அழுத்திப் பிடிக்கின்றன. அவ்வளவுதான்.

மூன்று கால் புல்லர் என்ன செய்கிறது? நடு போல்ட் ஆக்சில் முனையைத் தள்ளுகிறது, கால்கள் டிரம்மின் பின்விளிம்பைப் பிடித்து இழுக்கின்றன. டிரம் சாம்பல் நிற வார்ப்பிரும்பு. அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. உள்ளே ஷூ பிடித்திருந்தால் முழு இழுப்பும் விளிம்பின் மூன்று புள்ளிகளில் விழும். விளிம்பு துண்டாகத் தெறிக்கும். தெறிக்காவிட்டால் அந்தத் தள்ளு முழுவதும் ஆக்சில் வழியாகப் போய்ப் பேரிங்கில் இறங்கும். நான் வாங்கும்போது என் ஹெரால்டின் இடப்பக்க டிரம்மில் உள்ளங்கை அகலத்துக்கு உதடு உடைந்திருந்தது. முன்பு ஒரு பட்டறையில் புல்லர் போட்டதன் விளைவு. அந்த டிரம்மை லேத்தில் கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை.

பெருங்களத்தூர் ஆலையில் 1961-லிருந்து 1971 வரை செய்த வண்டி இது. நான்கு கதவு மார்க் 3 இந்தியாவில் மட்டுமே வந்தது. கதவு, கண்ணாடி, ரப்பர் பீடிங் எல்லாவற்றுக்கும் நாம் படும் பாடு தெரிந்ததுதான். ஆனால் பின் டிரம் விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல் உண்டு: அது 7 அங்குல டிரம், இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளின் டிரம்மோடு ஒத்துப்போவது, அங்கே இன்னும் கிடைக்கிறது. கிடைக்கிறது என்பதற்காக உடைக்க வேண்டாம். கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் வலிக்கும்.

10 ஜூன், பின்மாலை

பள்ளிக்கரணை நண்பர் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: இடது சுழல்கிறது, வலது அசையவே இல்லை. அதாவது ஒரே வண்டியில் இரண்டு வியாதியும் இருக்கிறது. இடதை முதலில் முடிப்போம்.

11 ஜூன்

இடது. சக்கரம் சுழல்கிறது, ஆகவே ஷூ குற்றவாளி இல்லை.

முதலில் அந்த இரண்டு ஸ்க்ரூ. ஐம்பது வருடத் துருவில் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும், அப்புறம் துளைதான் போட வேண்டும். சுத்தியலால் அடித்தால் அடியோடு சேர்ந்து திருப்பும் இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. விலை அதிகமில்லை, சென்னை ஜி.பி. ரோடு கடைகளில் கேட்டால் தருவார்கள். பிட் ஸ்க்ரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். பள்ளத்தில் இருக்கும் பெயின்டையும் மண்ணையும் ஆணி முனையால் சுரண்டி எடுங்கள். அது இல்லாமல் எந்த பிட்டும் உட்காராது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு அடி, பிறகு கழற்றும் பக்கம். இறுக்கும் பக்கம் கொடுக்கும் அடியில்தான் துருவின் பிடி முதலில் உடையும்.

தலை ஏற்கெனவே மழுங்கியிருந்தால் ஸ்க்ரூவின் தலையை மட்டும் டிரில்லால் எடுத்துவிடுங்கள். டிரம் வெளியே வந்தபின் மிச்சமிருக்கும் தண்டை ஹப்பிலிருந்து பிடித்துத் திருகி எடுக்கலாம். அந்த ஸ்க்ரூவுக்குப் பெரிய வேலை கிடையாது. சக்கரம் இல்லாதபோது டிரம் விழாமல் பிடித்திருப்பதுதான். அதற்காகப் பயந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பிறகு கழுத்து. ஹப்பும் டிரம்மும் சேரும் வட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். துரு இளக்கும் எண்ணெயை அந்த வட்டத்திலும் ஸ்டட் (சக்கர நட்டு ஏறும் மரைக் கம்பி) துளைகளிலும் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். நிறைய ஊற்ற வேண்டாம், துளி துளியாகப் பல தடவை. ஊற்றினால் உள்ளே ஷூவின் மேல் இருக்கும் லைனிங்கில், அதாவது உரசும் பட்டையில், போய் நிற்கும், அந்த லைனிங் அப்புறம் ஆகாது.

11 ஜூன், பிற்சேர்க்கை

டபிள்யூடி 40 போதுமா என்று ஒருவர். ஈரத்தை விரட்ட நல்லது. இந்த வயதுத் துருவுக்கு எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து விடுவது பழைய வண்டிக்காரர்கள் வழக்கம், எனக்கும் அது கைகொடுத்திருக்கிறது. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அதை விட்ட இடத்தில் அன்றைக்கு நெருப்பைக் காட்டாதீர்கள்.

12 ஜூன்

"தட்டுங்கள்" என்றால் எங்கே தட்டுவது? நல்ல கேள்வி, பாதி டிரம் உடைவது இந்த இடத்தில்தான்.

விளிம்பில் தட்டக் கூடாது. பின்பக்கமிருந்து உதட்டில் உளி வைத்து நெம்பவும் கூடாது. தட்ட வேண்டியது முகத்தில், ஸ்டட்டுகளுக்கு நடுவே, கழுத்துக்குப் பக்கத்தில். செம்பு அல்லது பித்தளைச் சுத்தியல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல மரக்கட்டை வைத்து அதன்மேல் அடியுங்கள். ஓங்கி ஒரே அடி வேண்டாம். சின்ன அடியாக, சுற்றிச் சுற்றி, எதிரெதிர் பக்கமாக. நட்டுகளை ஸ்டட் முனையில் திருகி வைத்துவிடுங்கள், சுத்தியல் தவறி விழுந்தால் மரை தப்பிக்கும்.

அடிக்கும்போது சத்தத்தைக் கேளுங்கள். துரு பிடித்திருக்கும்வரை மொத்தையாக ஒலிக்கும். விட்டதும் சத்தம் மாறி கணீரென்று வரும். எழுத்தில் விளக்க முடியாது, ஆனால் ஒரு தடவை கேட்டால் மறக்காது.

சுத்தியலே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி. சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டுகளை முழுதாக இறுக்காமல் இரண்டு சுற்று தளர்த்தி வைத்து, ஸ்டாண்டில் இருக்கும்போதே டயரின் மேலும் கீழும் மாற்றி மாற்றிக் கையால் தள்ளுங்கள். டயரின் அகலம் நமக்கு நெம்புகோல். டிரம் ஒரு நூல் அளவுக்கு அசைந்தாலும் எண்ணெய் உள்ளே இறங்கும், மிச்சத்தை எண்ணெய் பார்த்துக்கொள்ளும். தள்ளும்போது ஸ்டாண்டு நகராமல் இருக்கிறதா என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

14 ஜூன்

இடது வந்துவிட்டது என்று படம் போட்டிருக்கிறார். கழுத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு. ரொம்ப சந்தோஷம்.

உடனே ஒரு வேண்டுகோள். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, எந்த லைனிங் எந்த வருடம் போட்டது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கம்ப்ரசர் வைத்து ஊதி, முகமெல்லாம் கறுப்பாக நிற்பதை எத்தனையோ பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, நோய் வெளிப்படப் பல வருடம் ஆகும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். பட்டறைப் பையன்களையும் போட வையுங்கள், பதினெட்டு வயதில் அவர்களாகப் போட மாட்டார்கள்.

15 ஜூன்

வலது. அசையவே இல்லை என்பது ஷூ. வெள்ளத்தில் ஹேண்ட் பிரேக்கோடு நின்றதால் டிரம்மின் உள்முகம் துருவேறி லைனிங்கைக் கவ்வியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு முன்னால் ஷூவை விரித்து வைத்திருக்கும் மூன்று விஷயங்களையும் ஒவ்வொன்றாக விலக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் கேபிள். உள்ளே லீவரை இறக்கிவிட்டோம் என்பதால் சக்கரத்தில் விட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து நின்றிருக்கும். பேக் பிளேட்டுக்குப் (டிரம்மின் பின்பக்கத்தை மூடும் தகடு) பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவரில் காட்டர் பின்னை எடுத்து, கேபிளை அங்கேயே கழற்றிவிடுங்கள். பிறகு லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்தது, ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர். ஹெரால்டில் கர்லிங் வகை, பேக் பிளேட்டின் பின்னால் சதுரத் தலை. வலம் சுற்றினால் ஷூ விரியும், இடம் சுற்றினால் சுருங்கும். இடுக்கியால் தொடவே தொடாதீர்கள், சதுரம் உருண்டையாகிவிடும். அதற்கென்று சதுர ஸ்பேனர் உண்டு. கிடைக்காவிட்டால் லேத்தில் ஒரு துண்டுக் கம்பியில் கால் அங்குலச் சதுரத் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக ஆட்டி எடுங்கள். ஒரே பக்கம் பலம் கொடுத்தால் தலை முறிந்து கையோடு வரும்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். பழைய ரப்பர் உள்ளே ஊதி, வழி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும்போது ஆயில் பலத்தில் உள்ளே போய்விடும், திரும்பி வர முடியாமல், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலேயே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் நன்றாகத்தான் தெரியும். ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளை அரைச் சுற்று திறந்து பாருங்கள். ஆயில் சீறி வந்து சக்கரம் உடனே இளகினால் குற்றவாளி ஹோஸ். வளைய ஸ்பேனர் மட்டும் பயன்படுத்துங்கள், திறந்த ஸ்பேனர் நிப்பிளின் மூலைகளைத் தின்றுவிடும்.

16 ஜூன்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார், அப்படியே தருகிறேன்: "எங்கட மொறிஸ் மைனருக்கு அட்ஜஸ்டர் பின்னால இல்லை. டிரம்மில ஒரு ஓட்டை இருக்கு, சில்லைக் கழட்டிப்போட்டு, ஓட்டை நேர வரும்வரைக்கும் டிரம்மைச் சுத்தி, ஸ்க்ரூ டிரைவரை உள்ள விட்டுத் திருப்ப வேணும். டிரம்மே சுத்தாட்டி என்ன செய்யிறது?"

மைனரில் லாக்கீட் பிரேக். அவர் சொன்னது சரி, ஓட்டை நேராக வராவிட்டால் முன்பக்க வழி மூடிவிடும். அப்போது ஹேண்ட் பிரேக் கேபிளையும் பிளீடரையும் முதலில் பாருங்கள். பிறகு சக்கரத்தை மாட்டி, நட்டை முழுதாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, முற்றத்துக்குள்ளேயே கியரில் போட்டு ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே மெதுவாக ஆட்டுங்கள். ஷூவைக் கவ்விய துரு பெரும்பாலும் இதில் விட்டுவிடும், ஒரு டக் சத்தம் கேட்கும். பிரேக் இல்லாத வண்டி என்பதை நினைவில் வையுங்கள். முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

தொண்ணூறுகளில் பெட்ரோல் வராத காலத்தில் யாழ்ப்பாணத்து ஆஸ்டின் ஏ40-களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியவை. ஒரு சொட்டு பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பாகங்களே கிடைக்காத அந்த வருடங்களில் இந்த வண்டிகளைக் கழற்றி மாட்டியவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அந்த நண்பர் தன் ஊர் மெக்கானிக்குகளிடம் பேசி இங்கே எழுதினால் நான் நன்றி உள்ளவனாக இருப்பேன்.

18 ஜூன்

போடியிலிருந்து ஜீப் வைத்திருக்கும் ஒருவர் கோபமாக: "புல்லர் கூடாது என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். எங்கள் பழைய மகிந்திராவில் புல்லர் இல்லாமல் டிரம் வராது."

அவர் வண்டிக்கு அவர் சொல்வது முற்றிலும் சரி. நான் சொன்னது ஹெரால்டு மாதிரி டிரம் தனி, ஹப் தனி என்று இருக்கும் வண்டிகளுக்கு. சி.ஜே.3பி போன்ற பழைய ஜீப்களில் டிரம்மும் ஹப்பும் ஒன்றாகச் சேர்ந்து ஆக்சிலின் கூம்பில் உட்கார்ந்திருக்கும். அங்கே புல்லர் வேண்டும். ஆனால் அதுவும் விளிம்பைப் பிடிக்கும் புல்லர் இல்லை. சக்கர ஸ்டட்டுகளில் நட் போட்டு மாட்டும் ஹப் புல்லர். நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் சுத்தியலால் ஒரு அடி, மறுபடி இறுக்கு, மறுபடி அடி. ஆக்சில் நட்டை முழுவதும் எடுக்காமல் சில சுற்று தளர்த்தி அப்படியே விட்டுவையுங்கள். கூம்பு விடும்போது பட்டென்று விடும். நட் இல்லாவிட்டால் அந்த எடை முழுவதும் உங்கள் மேல் வரும்.

நட்டைத் தளர்த்திவிட்டு மைதானத்தில் எட்டுப் போட்டு ஓட்டினால் தானாக விடும் என்பதும் ஜீப்காரர்கள் சொல்வதுதான். வேலை செய்யும். ஆனால் காட்டர் பின் மாட்டியிருக்க வேண்டும், வேகம் நடை வேகத்தைத் தாண்டக் கூடாது, தெருவுக்குப் போகவே கூடாது. போடி மெட்டுச் சரிவில் ஓடும் வண்டிக்கு இந்தச் சோதனையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்கள்: உங்களுடையது மூன்றாவது வகை. பல் வெட்டிய ஆக்சில், 36 மி.மீ. நட், இறுக்கம் சுமார் 30 கிலோகிராம்-மீட்டர். அந்த நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். ஸ்டாண்டில் வைத்து நீளக் குழாய் போட்டு நெம்பினால் வண்டியே சரியும்.

18 ஜூன், இரவு

சுருக்கமாக ஒரு கேள்விக்கு: அம்பாசடரிலும் டிரம் ஹப்பின் மேல் உட்காருவதுதான். மேலே ஹெரால்டின் இடப்பக்கத்துக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

21 ஜூன்

கேஸ் விஷயம். முதல் நாள் "செய்யாதீர்கள்" என்று எழுதியது புல்லருக்கும் கேஸுக்கும் சேர்த்துப் படிக்கப்படுகிறது. சூடு பற்றி என் கருத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன்.

சூடு நல்ல வழிதான், கழுத்துத் துருவுக்கு மட்டும். கணக்கு இப்படி: கழுத்தின் விட்டம் 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், டிரம்மை மட்டும் 100 டிகிரி ஏற்றினால் துளை சுமார் 0.07 மி.மீ. விரியும். தலைமுடி அளவுதான். துருவின் பிடி விடுவதற்கு அது போதும். ஆனால் ஹப் சூடாகாமல் டிரம் மட்டும் சூடாக வேண்டும், அப்போதுதான் இடைவெளி கிடைக்கும். அதனால் கொஞ்ச நேரம், கழுத்தைச் சுற்றி வளையமாக, ஒரே இடத்தில் நிற்காமல் காட்டுங்கள். செக்கச்சிவக்கும்வரை காய்ச்சினால் இரண்டும் சேர்ந்து விரியும். வார்ப்பிரும்பு கோணிக்கொள்ளும், ஹப்பின் கிரீஸும் ஆயில் சீலும் போகும்.

ஷூ பிடித்திருக்கும் டிரம்முக்குச் சூடு காட்டாதீர்கள். உள்ளே வீல் சிலிண்டரில் ரப்பர் வாஷர், அதில் ஆயில். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போதே கொதிநிலை 205 டிகிரிதான், தண்ணீர் சேர்ந்த பழைய ஆயிலுக்கு இன்னும் குறைவு. அது கசிந்து சூடான இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும்.

இன்னொன்று, இதை எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும். சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அதை அடித்த இடத்தில் கேஸ் காட்டினால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். மிகக் கொஞ்சம் மூச்சில் போனாலே உயிருக்கு ஆபத்து. கிளீனர் அடித்த நாளில் நெருப்பு இல்லை என்று பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

23 ஜூன்

வலது பற்றிச் செய்தி. கேபிளைக் கழற்றியும் அசையவில்லை. பிளீடரைத் திறந்ததும் பழுப்பு நிறத் தண்ணீர் மாதிரி ஆயில் வந்தது, இருந்தும் இளகவில்லை. அட்ஜஸ்டர் மட்டும் எண்ணெயில் ஊறி இரண்டாம் நாள் திரும்பியதாம். அப்புறம் முற்றத்தில் கியரில் ஆட்டியபோது டக் என்று விட்டது. இப்போது சக்கரம் சுழல்கிறது. ஆனால் டிரம் ஒரு விரல் அகலம் வெளியே வந்து நின்றுவிட்டது.

இது மூன்றாவது நிலை: பல்லு. பல வருடம் ஷூ உராய்ந்த இடம் தேய்ந்து, தேயாத விளிம்பு உள்பக்கம் மேடாக நிற்கும். ஷூ அந்த மேட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. சுத்தியலை எடுக்க வேண்டாம். உள்ளே தள்ளி, அட்ஜஸ்டரை இன்னும் இடம் சுற்றி, கடைசிவரை தளர்த்துங்கள். பேக் பிளேட்டின் பின்னால் இருக்கும் லீவரை அசைத்து ஷூ உள்ளே போகிறதா என்று பாருங்கள், பிறகு டிரம் முகத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே, சுழற்றிக்கொண்டே இழுங்கள்.

ஹெரால்டில் வீல் சிலிண்டர் பேக் பிளேட்டின் பள்ளத்தில் நகரும்படி அமைத்தது. அது நகர்ந்தால்தான் இரண்டு ஷூவும் சமமாகப் பிடிக்கும், சமமாக விடும். வெள்ள மண்ணில் அந்தப் பள்ளம் இறுகியிருந்தால் ஒரு ஷூ வெளியிலேயே நிற்கும். பின்பக்கம் ரப்பர் மூடியை நீக்கி, எண்ணெய் விட்டு, சிலிண்டரைப் பலகைத் துண்டால் மெதுவாக இரண்டு பக்கமும் தள்ளிப் பாருங்கள். என் ஹெரால்டில் டிரம் வந்தது இந்தத் தள்ளலுக்குப் பிறகுதான்.

24 ஜூன்

ஷூவைப் பிடித்திருக்கும் பின் (சின்ன ஆணி) வெளியே தெரியும் வண்டிகளில் கடைசி வழி ஒன்று உண்டு: பேக் பிளேட்டின் பின்னால் அந்தப் பின்னின் தலையை வெட்டிவிட்டால் ஷூவோடு சேர்ந்தே டிரம் வெளியே வரும். பின்னும் ஸ்பிரிங்கும் மலிவு. டிரம்மை கிரைண்டரில் அறுப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள்.

27 ஜூன்

வலதும் வந்துவிட்டது. சிலிண்டர்தான் பள்ளத்தில் இறுகியிருந்ததாம். உள்ளே பார்த்தால் முன் ஷூவின் லைனிங் முழுதாக டிரம்மில் ஒட்டியிருக்கிறது, ஷூவின் இரும்பு மட்டும் தனியாக நிற்கிறது. துரு லைனிங்குக்கும் ஷூவுக்கும் நடுவே ஊறிப் புடைத்துப் பிரித்துவிட்டது. பசையால் ஒட்டிய லைனிங்கில் வெள்ளத்துக்குப் பிறகு இது நடக்கும். டிரம் கழலாமலேயே வண்டி எப்படியோ உருண்டிருந்தால், முதல் பிரேக்கில் அந்த லைனிங் மடங்கிச் சக்கரத்தைப் பூட்டியிருக்கும். அதனால்தான் வெள்ளத்தில் நின்ற வண்டியை "ஓடுகிறதே" என்று எடுக்கக் கூடாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

ஒரு பக்கம் மட்டும் மாற்ற வேண்டாம். இரண்டு பக்கமும் ஷூ, இரண்டு பக்கமும் சிலிண்டர் ரப்பர், ஹோஸ் எல்லாம் புதிது. சிலிண்டர் உள்சுவரில் விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் ரப்பர் மாற்றிப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். புதுப்பேட்டையில் பழைய சிலிண்டர் கிடைத்தாலும் இந்த ஒரு பாகத்தில் பழையது வேண்டாம்.

30 ஜூன்

டிரம்மை லேத்தில் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? பல்லை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். உள்முகம் வரிவரியாக இருந்தால் மட்டும் லேசாகக் கடைசல், இரண்டு டிரம்மும் ஒரே அளவுக்கு. அளந்து பார்க்காமல் "சுத்தமாக வரும்வரை" என்று விட்டுவிடாதீர்கள். எடுத்த இரும்பு திரும்பி வராது, மெல்லிய டிரம் சூட்டில் விரிந்து பெடல் கீழே போகும். 7 அங்குலம் என்றால் 177.8 மி.மீ. லேத்துக்காரரிடம் முதலில் அளவைச் சொல்லச் சொல்லி, பிறகு முடிவு செய்யுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஹப் கழுத்தை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்து, காப்பர் கிரீஸ் மிக மெல்லிசாக, விரலால் தடவியது தெரியாத அளவுக்கு. ஸ்க்ரூ மரையிலும் அப்படியே. அட்ஜஸ்டரைக் கழற்றி ஒவ்வொரு துண்டையும் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள், சிலிண்டர் நகரும் பள்ளத்திலும். அடுத்த தடவை டிரம் கையோடு வருவது இந்த அரை மணி நேரத்தைப் பொறுத்தது.

மழைக்காலத்தில் ரொம்ப நாள் நிற்கப்போகும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள்.

4 ஜூலை

ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். பிளீடிங் (பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது) முடித்து, பெடல் கெட்டியாக நின்றால் ஓட்டலாம். அட்ஜஸ்டரை ஷூ பிடிக்கும்வரை வலம் சுற்றி, சக்கரம் தாராளமாகச் சுழலும் வரை ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பி விடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் சரிசெய்ய வேண்டும், முன்னால் இல்லை.

நாலைந்து கிலோமீட்டர் கூட்டமில்லாத சாலையில் போய், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் தானாக நிற்கவிட்டு, இறங்கி இரண்டு பின் டிரம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இரண்டும் ஒரே அளவு இளம் சூடாக இருந்தால் சரி. வலது மட்டும் அனல் அடித்தால் ஷூ இன்னும் உரசுகிறது, அந்தப் பக்க அட்ஜஸ்டரை இன்னொரு கிளிக் தளர்த்துங்கள். தளர்த்தியும் சூடு குறையவில்லை என்றால் சிலிண்டர் பள்ளத்தை மறுபடி திறந்து பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் சூடு என்று எழுதுங்கள், பார்க்கலாம்.